அந்தக் குக்கர் யாரு வீட்டுது?

போன மாசம் இந்தப் பக்கத்துல, 2020 மார்ச்ல கொரோனாவுக்காகக் காலேஜ் யுனிவர்சிட்டி எல்லாம் ஒரே நாள்ல பூட்டினதைப் பத்தி ரெண்டு வரி எழுதியிருந்தேன், அதுக்கு இவ்ளோ லெட்டர் வரும்னு நான் நினைக்கவே இல்ல. பாதிக்கு மேல ஒரே கேள்விதான், அன்னிக்கு எனக்கு ஒருத்தர் இப்படிப் பண்ணினாரு, இன்னி வரைக்கும் அவர்கிட்ட ஒழுங்கா ஒரு வார்த்தை சொல்லல, இப்ப எப்படிச் சொல்றது. அதனால மத்த கேள்வியெல்லாம் அடுத்த மாசத்துக்குத் தள்ளி வெச்சுட்டு இதை மட்டும் எடுத்துக்கிறேன். நானும் 31 வருஷம் யுனிவர்சிட்டில பாடம் எடுத்து ரிட்டயர் ஆனவ, அந்த மார்ச்ல எங்க டிபார்ட்மென்ட்டும் பூட்டிதான் கெடந்துச்சு, அதனால இது எனக்கும் சேர்த்துதான். யாரு பேரையும் ஊரையும் போடல.

கேள்வி: அக்கா, நான் ஒரு யுனிவர்சிட்டில பயோடெக்னாலஜி அசிஸ்டன்ட் புரொபசர். 2020 மார்ச் 14 சனிக்கிழமை ஒரு கல்யாணத்துக்காக ரெண்டு செட் துணியோட தென்காசி பக்கம் எங்க ஊருக்குப் போனேன். 16ஆம் தேதி திங்கட்கிழமை மார்ச் 31 வரைக்கும் எல்லாத்தையும் மூடுறோம்னு முதலமைச்சர் அறிவிப்பு வந்துச்சு, ரெண்டு வாரம்தானேன்னு அங்கேயே இருந்துட்டேன், அப்புறம் 22ஆம் தேதி ரயில் நின்னுச்சு, 24ஆம் தேதி ராத்திரி 21 நாள் ஊரடங்குன்னுட்டாங்க. மாவட்டம் தாண்ட வேண்டிய இ-பாஸ் அனுமதிக்கு ரெண்டு தடவை போட்டேன், ரெண்டும் ரிஜெக்ட். செப்டம்பர் 7ஆம் தேதி மாவட்டம் விட்டு மாவட்டம் பஸ் விட்டதுக்கு அப்புறம்தான் லேபுக்குள்ள கால் வெச்சேன். வாழை டிஷ்யூ கல்ச்சர், அதாவது சின்னத் துண்டுலேருந்து பாட்டிலுக்குள்ள வளர்க்கிற வாழைக் கன்னு, 200 ஜாம் பாட்டில் விட்டுட்டுப் போயிருந்தேன், எல்லாம் கருகிப் போயிருக்கும்னுதான் நினைச்சேன், கதவைத் திறந்தா ரேக்ல 60 பாட்டில் பச்சையா நிக்குது, ஒவ்வொண்ணுலயும் மார்க்கர்ல தேதி. சாம்பிள் எல்லாம் உறைய வெச்சிருக்கிற லிக்விட் நைட்ரஜன் கேனும் காலியாகல. எங்க லேப் அட்டெண்டர் அண்ணனும், ஹாஸ்டல்ல மாட்டிக்கிட்ட ஒரு வெளிமாநில ஸ்காலர் பையனும் சேர்ந்து பார்த்துக்கிட்டாங்களாம். நீராவில கிருமி நீக்குற ஆட்டோகிளேவ் மிஷின் இருக்கிற ரூம் பூட்டியிருந்ததால, செடி வளர்ற மீடியத்தை, அதான் அந்தச் சத்துக் கூழை, குக்கர்ல ரெடி பண்ணினாங்களாம், அந்தக் குக்கர்கூட மூலையில இருந்துச்சு. "ரொம்ப தேங்ஸ்ணா"ன்னேன், "இருக்கட்டும்மா"ன்னாரு, அதோட சரி. அந்த 60 பாட்டில்லதான் என் பேப்பர், என் புரொமோஷன் எல்லாம். அடுத்த மாசம் அண்ணன் ரிட்டயர் ஆகுறாரு. பொன்னாடை, ஷீல்டு, ஒரு கிராம் மோதிரம்னு டிபார்ட்மென்ட்ல பேசிக்கிறாங்க. எனக்கு அது பத்தாதுன்னு தோணுது, என்ன பண்ணணும்னும் தெரியல. அஞ்சு வருஷம் கழிச்சு சொன்னா நல்லா இருக்குமா?

பதில்: தங்கச்சி, உன் லெட்டரை மூணு தடவை படிச்சேன். அந்தக் குக்கர் யாரு வீட்டுது?

நிஜமாத்தான் கேக்கிறேன். மூலையில இருந்துச்சுன்னு எழுதியிருக்க, யாருதுன்னு எழுதல, நீ கேக்கலைன்னு நினைக்கிறேன். ஊரடங்குல கடையெல்லாம் மூடியிருந்தப்போ புதுக் குக்கர் வாங்கியிருக்க முடியாது. அப்போ யாரோ ஒரு வீட்டு அடுப்புல இருந்து எறங்கி உன் லேபுக்கு வந்திருக்கு. அது அண்ணன் வீட்டுதுன்னா அந்த வீட்ல அத்தனை மாசம் பருப்பு எதுல வெந்துச்சு? அவங்க வீட்டம்மா என்ன சொன்னாங்க? நைட்ரஜன் கேனை நிரப்ப வண்டி எப்படி உள்ள வந்துச்சு, கேட்ல யாரு விட்டாங்க, பில்லு யாரு கட்டினாங்க? அது மைனஸ் 196 டிகிரில இருக்கிற சமாச்சாரம், கேனை மூடி வெச்சாலும் தெனமும் கொஞ்சம் கொஞ்சமா ஆவியாகிட்டே இருக்கும், நிரப்பலைன்னா உள்ள இருக்கிறதெல்லாம் போச்சு, இது உனக்கே தெரியும். வாழை பாட்டிலை மூணு நாலு வாரத்துக்கு ஒரு தடவை புது மீடியத்துக்கு மாத்தணும். நீ இல்லாத அந்த ஆறு மாசத்துல எத்தனை தடவை மாத்தியிருப்பாங்கன்னு எண்ணிப் பாரு. 200ல 140 போச்சே, எந்த 60ஐக் காப்பாத்தறதுன்னு முடிவு பண்ணினது யாரு, எப்படி முடிவு பண்ணினாங்க? அது ஒரு அட்டெண்டர் பண்ற வேலையே இல்ல, அது சயின்டிஸ்ட் பண்ற வேலை.

இதெல்லாம் தெரியாம நீ சொன்ன தேங்ஸ்தான் அவருக்கும் பத்தல, உனக்கும் பத்தல. அதான் இத்தனை வருஷம் கழிச்சும் உறுத்துது.

என் கதை ஒண்ணு இருக்கு, இதை இதுக்கு முன்னாடி எங்கயும் எழுதினது இல்ல. எங்க டிபார்ட்மென்ட்ல மைனஸ் 80 டிகிரி டீப் ஃப்ரீசர் ரெண்டு உண்டு, நாலஞ்சு ஸ்காலர்ஸோட மொத்த பி.ஹெச்.டியும் அதுக்குள்ளதான். 2020 ஏப்ரல்ல ஒரு ராத்திரி கரண்ட்ல ஒரு ஃபேஸ் போயிடுச்சு. செக்யூரிட்டி அலாரம் சத்தம் கேட்டு எலக்ட்ரீஷியனுக்கு போன் பண்ணியிருக்காரு, அவர் வீடு 9 கிலோமீட்டர், சைக்கிள்ல கழுத்துல ஐடி கார்டை மாட்டிக்கிட்டு ரெண்டு இடத்துல போலீஸ்கிட்ட விளக்கம் சொல்லி வந்து, வேற ஃபேஸ்க்கு மாத்திவிட்டு, ஃப்ரீசர் டெம்பரேச்சர் திரும்ப எறங்குதான்னு விடியுற வரைக்கும் அங்கேயே உக்காந்து பார்த்துட்டுப் போயிருக்காரு. எனக்குக் காலையில "ப்ராப்ளம் சால்வ்டு மேடம்"னு ஒரு மெசேஜ் வந்துச்சு, நான் ஒரு கும்பிடு போட்டு அனுப்பினேன். டிசம்பர் 2ஆம் தேதி ஸ்காலர்ஸ் எல்லாம் திரும்ப வந்தப்போ டிபார்ட்மென்ட் வாட்ஸப் குரூப்ல நீளமா எழுதினேன், இந்தக் கஷ்ட காலத்துல துணை நின்ன அனைவருக்கும் மனமார்ந்த நன்றின்னு. முப்பது பேர் கை கூப்பினாங்க. எனக்கும் திருப்தியா இருந்துச்சு.

அந்தக் குரூப்ல எலக்ட்ரீஷியன் கிடையாது. செக்யூரிட்டியும் கிடையாது. அவங்க டிபார்ட்மென்ட் ஸ்டாஃப் இல்லையே.

ஒரு வருஷம் கழிச்சு, இன்னொரு வேலையா எலக்ட்ரிக்கல் செக்‌ஷனுக்குப் போனப்போதான் அவர்கிட்ட அந்த ராத்திரியைப் பத்திப் பேச்சு வந்துச்சு. நான் ரொம்ப உதவியா இருந்துச்சுங்க, மறக்கவே மாட்டேன்னு ஆரம்பிச்சேன். அவர் சிரிச்சுக்கிட்டே, "அப்ப மணி என்ன இருக்கும்னு தெரியுமா மேடம்"னாரு. எனக்குத் தெரியல. "ரெண்டேகால்"னாரு. அவ்ளோதான் சொன்னாரு, கோபமெல்லாம் இல்ல. நான் அங்க ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்து, ஒரு மணி நேரம் அவர் சொல்லச் சொல்லக் கேட்டேன், சைக்கிள் செயின் கழண்டது, போலீஸ்காரர் ஒருத்தர் மொதல்ல அதட்டிட்டு அப்புறம் டார்ச் அடிச்சு செயின் மாட்ட உதவினது, எல்லாம். அவருக்கு என்கிட்ட வேண்டியிருந்தது அந்த ரெண்டேகால்தான். அது தெரியாம நான் மறக்க மாட்டேன்னு சொன்னா, எதை மறக்க மாட்டேன்?

நம்ம மொழியிலயே இது இருக்கு பாரு. நாம இப்ப நன்றின்னா தேங்ஸுன்னு நினைக்கிறோம், பழைய தமிழ்ல நன்றின்னா செஞ்ச நல்லதுன்னே அர்த்தம், அந்த உதவிக்கே அதுதான் பேரு. திருக்குறள்ல 11ஆவது அதிகாரத்துக்கு செய்ந்நன்றி அறிதல்னுதான் பேர் இருக்கு, சொல்லுதல்னு இல்ல. இதை நான் ஸ்கூல்ல மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கினேன், புரிஞ்சது அந்த ஸ்டூல்ல உக்காந்தப்போ.

அதனால நீ பண்ண வேண்டியது, பார்ட்டிக்கு முன்னாடியே ஒரு நாள் அண்ணன் வீட்டுக்குப் போ. லேப்ல கூப்பிட்டு வெச்சுக் கேக்காத, அங்க அவர் நின்னுக்கிட்டேதான் பேசுவாரு. வீட்டுக்குப் போய் அவங்க வீட்டம்மாவும் இருக்கிறப்போ குக்கர் கதையைக் கேளு. அந்த ஸ்காலர் பையன் இப்ப எந்த ஊர்ல இருக்கானோ, அங்கிருந்தே அவனை வீடியோ கால்ல கூப்பிடு, அவனுக்குத் தெரிஞ்சது அண்ணனுக்கே தெரியாது, அண்ணன் பண்ணினதை அவன்தான் சொல்லுவான், தன்னோடதை யாரும் தானா சொல்ல மாட்டாங்க. எல்லாத்தையும் நோட்ல எழுதிக்கோ, தேதியோட. பாட்டில் மேல மார்க்கர்ல எழுதின தேதிக்கு போட்டோ வெச்சிருப்பல்ல, அதையும் எடு.

பார்ட்டில பொன்னாடை போடட்டும், நல்லதுதான், நான் அதைக் குறை சொல்லல, அந்தப் பொன்னாடையை அவங்க வீட்ல மடிச்சு பீரோல வெச்சிருப்பாங்க. ஆனா நீ மைக்ல பேசுறப்போ "கடமை உணர்வுமிக்க, இன்முகத்துடன் பணியாற்றிய"ன்னு ஆரம்பிச்சுடாத, அது எல்லா ரிட்டயர்மென்ட்லயும் எல்லாரைப் பத்தியும் பேசுறது, அட்டெண்டருக்கும் அதான் ரிஜிஸ்ட்ராருக்கும் அதான். நீ அந்த மாசங்களை மட்டும் சொல்லு. எந்தத் தேதில எத்தனை பாட்டில் மாத்தினாரு, குக்கர் எங்கிருந்து வந்துச்சு, அந்த 60லேருந்து என்னென்ன வந்துச்சு, உன் பேப்பர், உன் புரொமோஷன் உள்பட. என் புரொமோஷன் இவர் கையால வந்துச்சுன்னு துணைவேந்தர் உக்காந்திருக்கிற சபையில சொல்ல உனக்குத் தைரியம் வேணும், இருக்குன்னு நம்புறேன். அவரோட பிள்ளைங்க, பேரப்பிள்ளைங்க முன் வரிசையில இருக்கணும், அதுக்கு வண்டி ஏற்பாடு பண்றது உன் பொறுப்பு.

லேட்டான்னு கேட்ட. லேட்டுதான். அதையும் சொல்லிடு, "அஞ்சு வருஷமா சொல்லாம விட்டுட்டேண்ணா"ன்னு.

கேள்வி: மேடம், நான் கெமிஸ்ட்ரி ஸ்காலர், தீசிஸ் சப்மிட் பண்ணப் போறேன். 2020ல நான் எம்.எஸ்சி, ஊரடங்கு போட்டப்போ ஊருக்குப் போக முடியாம எங்க ஹாஸ்டல்ல 14 பேர் மாட்டிக்கிட்டோம், பெரும்பாலும் வடகிழக்குப் பசங்க. மெஸ் அதிகாரப்பூர்வமா மூடியாச்சு. ஆனா மெஸ்ல வேலை பார்த்த ஒரு அண்ணன் வீட்டுக்குப் போகாம ஸ்டோர் ரூம்லயே படுத்துக்கிட்டு எங்களுக்கு மூணு வேளையும் சமைச்சாரு. தீசிஸ்ல நன்றி சொல்ற அக்நாலெட்ஜ்மென்ட் பக்கத்துல அவரைப் பத்தி நாலு வரி எழுதினேன், என் கைடு, "கைடு, டாக்டரல் கமிட்டி, ஃபண்டிங் ஏஜென்சி, பேரன்ட்ஸ் போதும், மெஸ் எல்லாம் எதுக்கு"ன்னு அடிச்சுட்டாரு. என்ன பண்றது?

பதில்: தம்பி, திரும்ப எழுது. கைடுகிட்ட மரியாதையா, "சார், அந்தச் சாப்பாடு இல்லைன்னா நான் எம்.எஸ்சியே முடிச்சிருக்க மாட்டேன், இந்தத் தீசிஸும் வந்திருக்காது"ன்னு சொல்லு. பெரும்பாலும் ஒத்துக்குவாரு, நானும் பல வருஷம் கைடா இருந்திருக்கேன், நாங்க சில சமயம் பேப்பர் அழகா இருக்கணும்னு பார்ப்போமே தவிர மனசு கல்லு இல்ல. அக்நாலெட்ஜ்மென்ட்ல யார் பேர் வரணும்னு பார்க்கிறது எக்ஸாமினர் வேலை இல்ல, என் கிட்ட வந்த தீசிஸ்ல அந்தப் பக்கத்தைத்தான் நான் மொதல்ல படிப்பேன், அங்கதான் அந்தப் பிள்ளை எப்படிப்பட்டவன்னு தெரியும்.

இன்னொண்ணு யோசி. பி.ஹெச்.டி தீசிஸ் எல்லாம் இப்ப ஷோத்கங்காங்கிற ஆன்லைன் தீசிஸ் களஞ்சியத்துல ஏத்தணும்னு யு.ஜி.சி விதி இருக்கு, யார் வேணா எங்கிருந்து வேணா திறந்து படிக்கலாம். அவர் பேரும் அவர் பண்ணினதும் அங்க நிக்கும், அவர் பேத்தி ஒரு நாள் போன்ல தேடி எடுத்துப் பார்ப்பா.

"மெஸ் ஊழியர்களுக்கு நன்றி"ன்னு பொதுவா போடாத. அவர் பேரை முழுசா, அவர் சொல்ற மாதிரி, இனிஷியலோட போடு, மொதல்ல அவர்கிட்ட கேட்டுட்டுப் போடு. எத்தனை நாள், எத்தனை பேர், என்ன சமைச்சாரு. வடகிழக்குப் பசங்களுக்காக அவர் ஏதாவது மாத்திச் சமைச்சிருப்பாரே, சாம்பார்ல காரம் கொறைச்சாரா, அரிசியைக் குழைய விட்டாரா, அதை ஒரு வரில போடு. தீசிஸ் இங்கிலீஷ்ல இருக்கும், அவர் படிக்க மாட்டாரு, அதனால அந்த ஒரு பக்கத்தை மட்டும் தமிழ்ல எழுதி, பைண்டிங் கடையில குடுத்து லேமினேட் பண்ணி, வாய்வா, அதான் வாய்மொழித் தேர்வு, முடிஞ்ச அன்னிக்கே கையில எடுத்துட்டுப் போய்க் குடு. அந்த 14 பேர்ல உன்கூட வர முடிஞ்சவங்களைக் கூட்டிட்டுப் போ. சாப்பாட்டு நேரத்துல போகாத, அவருக்கு அப்ப நிக்க நேரம் இருக்காது.

கேள்வி: நான் ஒரு காலேஜ்ல ஹெச்.ஓ.டி. ஊரடங்குல எங்களுக்கு யாருக்கும் ஆன்லைன் கிளாஸ்னா என்னன்னே தெரியாது. தொகுப்பூதியத்துல இருந்த ஒரு கெஸ்ட் லெக்சரர் பொண்ணு, சீனியர்ஸ் எல்லாருக்கும் ராத்திரி பத்து மணிக்குமேல போன்ல கூகுள் மீட் சொல்லிக் குடுத்துச்சு. இப்பவும் கெஸ்டாதான் இருக்கு. வாயால நிறைய தடவை தேங்ஸ் சொல்லிட்டேன். வேற என்ன செய்யணும்?

பதில்: ஐயா, எழுத்துல குடுங்க. உங்களை மாதிரி நிரந்தர வேலையில இருக்கிறவங்களுக்கு நன்றிங்கிறது சந்தோஷம், அந்தப் பொண்ணுக்கு அது சோறு. அடுத்த இன்டர்வியூல எடுத்து நீட்ட ஒரு காகிதம் வேணும். லெட்டர்ஹெட்ல, தேதி போட்டு, சீல் வெச்சு, எந்த மாசத்துலேருந்து எந்த மாசம் வரைக்கும், எத்தனை ஆசிரியர்களுக்கு, எந்தெந்த வேலையை, அதுக்குன்னு தனியா சம்பளம் இல்லாம செஞ்சாங்கன்னு எழுதி, நீங்க கையெழுத்து போட்டு, பிரின்சிபால்கிட்டயும் கையெழுத்து வாங்குங்க. ஒரு காப்பி அவங்க பர்சனல் ஃபைல்ல சேரணும். கத்துக்கிட்ட சீனியர்ஸையும் ஆளுக்கு ரெண்டு வரி எழுதித் தரச் சொல்லுங்க. நீங்க ரிட்டயர் ஆகிறதுக்கு முன்னாடி பண்ணுங்க, அடுத்து வர்ற ஹெச்.ஓ.டிக்கு இதெல்லாம் தெரியாது, தெரியாததை அவர் எழுத முடியாது. நிரந்தரப் பணியிடம் வர்றப்போ உங்களுக்கு எந்தக் கமிட்டியிலயாவது பேச உரிமை இருந்தா அங்கயும் பேசுங்க.

கேள்வி: எங்க கேம்பஸ் செக்யூரிட்டி ஒருத்தர் ஊரடங்கு முழுக்க என் ரூம் ஜன்னல்ல இருந்த செடிக்குத் தண்ணி ஊத்தினாரு, மழை வந்தப்போ என் புத்தகத்தையெல்லாம் எடுத்து மேல வெச்சாரு. காசு குடுத்தா தப்பா நினைப்பாரா?

பதில்: கான்ட்ராக்ட் ஏஜென்சி மூலமா வேலை பார்க்கிறவருன்னா குடுங்கம்மா, தாராளமா. காசு குடுத்தா கொச்சையாயிடுமோங்கிற கூச்சம் பெரும்பாலும் நமக்குத்தான் இருக்கு, மாசக் கடைசியில இருக்கிறவருக்கு அது கிடையாது. ஆனா கேட்ல வெச்சுப் பத்து பேர் பார்க்க நீட்டாதீங்க, அது டிப்ஸ் மாதிரி ஆயிடும். உங்க ரூமுக்குக் கூப்பிட்டு, உக்கார வெச்சு, டீ குடுத்து, அந்தச் செடியைக் காட்டி, எந்தப் புத்தகத்தையெல்லாம் அவர் தூக்கி வெச்சாரோ அதுல ஒண்ணை எடுத்துக் காமிச்சு, அப்புறம் கவர்ல குடுங்க. அந்தச் செடி பதியம் போடுறதா இருந்தா ஒரு கன்னும் குடுங்க.

கேள்வி: அக்கா, இதை எழுதறதா வேணாமான்னு ரொம்ப நாள் யோசிச்சேன். 2020 மார்ச்ல நான் கைக்குழந்தையோட அம்மா வீட்ல இருந்தேன். என் டிராயர்ல பசங்களோட இன்டர்னல் மார்க் ரெஜிஸ்டர் பூட்டி இருந்துச்சு, டூப்ளிகேட் சாவி பக்கத்து டேபிள் சார்கிட்ட மட்டும்தான் உண்டு. அவருக்கு சுகர், வெளிய போகவே கூடாதுன்னு வீட்ல பயந்தாங்க. ஆனாலும் மாஸ்க் போட்டுக்கிட்டு காலேஜ் போய் அதைத் திறந்து ஒவ்வொரு பக்கமா போட்டோ எடுத்து அனுப்பினாரு, மொத்தம் 43 பக்கம். நேர்ல பார்க்கிறப்போ சொல்லிக்கலாம்னு இருந்தேன். 2021 மே, ரெண்டாவது அலையில சார் போயிட்டாரு. நான் அடக்கத்துக்குக்கூடப் போக முடியல. அவங்க வீட்டுக்கு இது வரைக்கும் போனதில்ல, எந்த முகத்தோட போறதுன்னு தெரியல.

பதில்: அன்புத் தங்கச்சி,

உன் லெட்டரைப் படிச்சுட்டு அன்னிக்கு வேற எதுவும் எழுத முடியல. அந்த மே மாசம் யாருமே யாரோட அடக்கத்துக்கும் போக முடியல, அந்தப் பாரத்தை நீ தனியாத் தூக்க வேண்டாம். 2020 மார்ச் 22 சாயந்திரம் 5 மணிக்கு ஊரே வாசல்ல நின்னு டாக்டர், நர்ஸ், துப்புரவுப் பணியாளர்களுக்காகக் கை தட்டுச்சு, தட்டைத் தட்டுச்சு, நானும் நின்னேன். உன் சார் மாதிரி ஆளுங்களுக்கு யாரும் கை தட்டல, அவங்க பண்ணினது உன்னை மாதிரி ஒருத்தருக்கு மட்டும்தானே தெரியும்.

இன்னொருத்தர் வீட்ல வேற மாதிரி நடந்ததை நான் பார்த்திருக்கேன், அதனால சொல்றேன். ஒரு மனுஷன் போனதுக்கு அப்புறம் அந்த வீட்ல இருக்கிறவங்களுக்கு அவரைப் பத்திப் புதுசா ஒரு விஷயம் கிடைக்கிறதே இல்ல, இருக்கிற போட்டோ, இருக்கிற ஞாபகம், அதையேதான் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கணும். அவரோட வீட்டம்மா அன்னிக்குப் போகாதீங்கன்னு தடுத்திருப்பாங்க, அவர் எதுக்காகப் போனாருன்னு அவங்களுக்கு முழுசாத் தெரியுமான்னு தெரியல. அவரோட பிள்ளைங்களுக்கு நிச்சயம் தெரிஞ்சிருக்காது. அது உன்கிட்ட இருக்கு, உன் போன்ல அந்த 43 போட்டோவும் இருக்குமே, அழிச்சிருக்க மாட்ட. அதுல ஏதாவது ஒண்ணுல ரெஜிஸ்டரைப் பிடிச்சிருக்கிற அவர் விரல் தெரியும், ஓரத்துல அவர் நிழல் விழுந்திருக்கும், எல்லாப் பக்கத்தையும் பொறுமையாப் பாரு. நல்ல கடையில குடுத்துப் பிரின்ட் போடு.

அந்த வருஷம் அந்த மார்க்கால பாஸ் ஆன பசங்க இப்ப வேலையில இருப்பாங்க. அவங்கள்ல ரெண்டு மூணு பேருக்குப் போன் பண்ணி விஷயத்தைச் சொல்லு, வர முடிஞ்சா வரட்டும், இல்லைன்னா ரெண்டு வரி எழுதித் தரட்டும்.

போறதுக்கு முன்னாடி போன் பண்ணிட்டுப் போ, உன் குழந்தைக்கு இப்ப ஆறு வயசு இருக்கும், கூட்டிட்டுப் போ. பெரிய பேச்செல்லாம் தயார் பண்ணிட்டுப் போகாத. நீ யாருன்னு கேட்டா, "சார்கிட்ட என் டிராயர் சாவி இருந்துச்சு"ன்னு சொல்லு, அங்கிருந்து ஆரம்பி.